பயத்துக்குத் தகுந்த புத்தகம்

பெபிஷா நாலைந்து தாள்களைச் சேர்த்துப் பிடித்துப் புரட்டிவிட்டு, குரல் மாறாமல் அடுத்த பத்தியை வாசித்தாள்.

"'மாடிப்படியில் யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டது. சாரதா விளக்கைத் தணித்தாள். அந்த மாளிகையில் அவளையும் கண் தெரியாத சமையல்காரனையும் தவிர வேறு ஆளில்லை...'"

"சாரதா எப்பம் கரைக்கு வந்தா?" கட்டிலில் கிடந்த சகாயசெல்வி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"என்ன மாமி?"

"நேத்து நீ நிறுத்தும்போ அவ படகுலல்லா இருந்தா. காத்து வேற பிடிச்சிருந்து."

"கரைக்கு வந்திட்டா மாமி. ஒரு வரிதான் இருந்து. நான் வேகமா வாசிச்சிட்டேன்."

"ம்."

பெபிஷா வாசிப்பை நிறுத்தினாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மஞ்சள் பூத்து ஒட்டிப்போன முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் திரை உள்ளே ஊதிப் பெருத்துவிட்டுத் திரும்பக் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. பெபிஷா புத்தகத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தாள்.

விட்டுவிட்ட பக்கங்களில் படகு உடைகிறது. அதை வாசிக்க அவளுக்குத் தைரியமில்லை. அவள் கணவன் டிஜோ மீன்பிடிக்கப் போன ஆழ்கடல் விசைப்படகு கவிழ்ந்து மிதந்ததை வேறு போட்டுக்காரர்கள் பார்த்துச் சொல்லி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. ஆட்கள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. தேடப்போனவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். டிஜோவைப் பெற்றவள் இங்கே ஈரலில் புற்றோடு கிடக்கிறாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"அம்மா காதுல இது விழப்பிடாது. அவ நிம்மதியா போட்டும்" என்று இளையவன் சிஜோ முடிவெடுத்தான். எடுத்தது மட்டுமல்ல, ஊருக்கே வாய்ப்பூட்டுப் போட்டான். கடற்கரை ஊரில் அது லேசுப்பட்ட காரியமா? இந்த முனையில் ஒருத்தி தும்மினால் அந்த முனையில் கஷாயம் கொதிக்கும். ஆனாலும் சிஜோ வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். மாதா கோயில் மைக்கில் காணாமல் போனவர்களுக்காக ஜெபம் சொல்வார்களே என்று, இந்தத் தெருவைப் பார்த்திருந்த ஒலிபெருக்கிக் குழாயின் ஒயரைப் பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கழற்ற வைத்தான். அம்மாவின் போனை ரிப்பேர் என்று வாங்கி வைத்துக்கொண்டான். பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெபிஷா பூப்போட்ட நைட்டியில் நடமாடினாள். தாங்க முடியாமல் போகும்போது அடுப்பங்கரையில் மிக்ஸியை ஓடவிட்டு அழுதாள்.

வேறு யாரிடமாவது மறைக்க வேண்டியிருந்தால் மறைத்திருக்கலாம். சகாயசெல்வி எந்தக் கதையிலும் கொலைகாரனை மூன்றாம் அத்தியாயத்தில் பிடிப்பவள்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் திகில் நாவலும் மர்மக்கதையும் வாசிக்கிற ஆட்கள் அவளைக் கேட்காமல் ஒரு புத்தகத்தைத் தொடமாட்டார்கள். 'நடுக்கம்' என்று ஒரு வாட்ஸப் குரூப்பே வைத்திருந்தாள். பிடித்த கதை எது என்றெல்லாம் கேட்கமாட்டாள். "நீ எதுக்குப் பயப்படுவே?" என்பதுதான் முதல் கேள்வி. ஜெனிலா என்ற நர்ஸ் பல்லிக்குப் பயப்படுவேன் என்றபோது, "அது அறப்பு, அருவருப்பு. பயத்தச் சொல்லு" என்றாள். ஜெனிலா தயங்கித் தயங்கி, செத்துப்போன மாமியார் ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருக்கும் என்று சொன்னாள். அவளுக்கு அதேபோல ஒரு மாமியார் நடமாடும் பங்களாக் கதையைக் கொடுத்தாள். வாசித்து முடித்தபின் ஜெனிலா கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டாள். அடுத்த வாரமே வேறு புத்தகம் கேட்டும் வந்து நின்றாள்.

கதையின் முடிவை மட்டும் யாரும் சொல்லக்கூடாது. அது குரூப்பின் சட்டம். வாய்தவறிச் சொல்லிவிட்ட ஒரு வாத்தியாரைச் சகாயசெல்வி அன்றைக்கே வெளியேற்றினாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் பெபிஷா அவளிடம் கேட்டிருக்கிறாள், ஏன் மாமி இந்தப் பேயும் கொலையும் என்று. "உங்க மாமா கடலுக்குப் போனா வாறது வரைக்கும் நெஞ்சுக்குள்ள ஒரு பயம் கெடக்கும் மக்கா. அந்த எடத்துல வேற எவளுக்கோ உள்ள பயத்த எடுத்து வச்சிருவேன்" என்றாள் சகாயசெல்வி. மாமா கபிரியேல் எல்லாக் கடலும் போய்த் திரும்பி வந்து, வீட்டுக் கட்டிலில் நெஞ்சுவலியில் செத்தார். பெபிஷா மட்டும் அந்தப் புத்தகங்களின் பக்கமே போனதில்லை. இப்போது மாமியாருக்குக் கண் மங்கியதால்தான் வாசித்துக் காட்டுகிறாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. குழித்துறையில் தையல்கடை வைத்திருக்கும் கோலப்பன் புத்தகப் பையோடு நின்றார். குரூப்பில் மூத்த வாசகர். பெபிஷா எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, சிரிச்ச முகமா வாங்க" என்று மெல்லச் சொன்னாள்.

கோலப்பன் தலையாட்டினார். அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அக்கா, கையில உள்ளதெல்லாம் தீந்து போச்சு. அடுத்து எத வாசிக்க?" என்றபடி கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தார்.

"இப்பம் எதுக்குப் பயப்படுகே கோலப்பா? பழைய கெணறு தானா?"

"கெணறெல்லாம் போச்சு அக்கா." கோலப்பன் தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்தார். "இப்பம்... சொல்லத் தெரியல்ல."

சகாயசெல்வி கொஞ்சநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "அந்தப் பீரோவுல மேல்தட்டுல செவப்பு அட்டை. தையக்காரனுக்குப் பிடிக்கும். மலைமேல ஒரு பங்களாவுக்கு வேலைக்குப் போறா ஒரு பிள்ள. தெனமும் காலையில அவளுக்க உடுப்பு கொஞ்சம் கொஞ்சமா இறுகிட்டு வருது. அவ தடிக்கல்ல. உத்துப் பாத்தா, தையல் மாறியிருக்கு."

"ஆரு தைக்கா?"

"அந்த வீட்டுல ஊசியே கெடையாதுன்னு வீட்டுக்காரி சத்தியம் செய்யா. மீதிய நீ வாசிச்சுக்க."

கோலப்பனுக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. ஒரு நொடி உண்மையாகவே சிரித்தார். புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவள் பாதத்தைத் தொட்டுவிட்டு, தலையைக் குனிந்தவாறே வெளியே போனார். பஸ் கிடைக்காது என்று போகிறபோக்கில் ஏதோ சொன்னார்.

"பாத்தியா" என்றாள் சகாயசெல்வி. "எப்பம் வந்தாலும் டிஜோ எங்க, போட்டு எப்பம் வரும், சூரை மீனு தருவானான்னு கேப்பான். இன்னைக்கு ஒண்ணும் கேக்கல்ல."

"மறந்திருப்பாரு மாமி."

பெபிஷா கஞ்சி எடுத்துவரும் சாக்கில் அடுப்பங்கரைக்கு ஓடினாள். மிக்ஸியின் சுவிட்சைப் போட்டாள். ஆனால் அழுகை வரவில்லை, பயந்தான் வந்தது. இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ. அதுவரை இந்த வீட்டின் கூரையைத் தன் தலையில் தாங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

கஞ்சியும் தேங்காய் போட்ட பயற்றுத் துவரனுமாக அவள் திரும்பி வந்தபோது சகாயசெல்வி கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

"எனக்கு இது வேண்டாம். ஒரு சாளை பொரிச்சுத் தா."

"டாக்டர் மீனு குடுக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்காரு."

"செரி. அத அங்க வச்சிட்டு இஞ்ச உக்காரு. ஊருல உள்ளவளுக்கெல்லாம் புத்தகம் சொன்னேன். சொந்த மருமகளுக்கு ஒண்ணு சொல்லல்ல பாரு. நீ எதுக்குப் பயப்படுவே?"

பெபிஷா தட்டை வைத்துவிட்டுக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"நானே சொல்லுகேன். கடக்கரையில ஒரு வீடு. உள்ள ஒருத்தி சாகக் கெடக்கா. கோயில் மைக்கு அவ தெருவுக்கு மட்டும் பாடமாட்டேங்கு. வாறவன் எல்லாம் சிரிக்கான். அடுப்பங்கரையில மிக்ஸி ஓடுது. அரைக்கதுக்கு ஒண்ணும் இல்லாம ஓடினா அதுக்க சத்தமே வேறல்லா." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "எல்லாம் நல்லா மறைச்சாச்சு. ஆனா மீனு பொரிக்க மட்டும் ஒருத்திக்கும் கை வரல்ல. அவ வீட்டுல மட்டுமில்ல, தெருவுலயே ஒரு வீட்டுலயும் இல்ல. கடலுல ஆளு போனா அந்தத் தெருவுல மீனு அடுப்புல ஏறாது. இது அந்தக் கெழவிக்குத் தெரியாதா மக்கா? இதே தெருவுல எத்தன தடவ அவளே சட்டிய கவுத்தி வச்சிருக்கா."

ஜன்னல் திரை அசையாமல் தொங்கியது. பெபிஷா தட்டில் இருந்த கஞ்சியைப் பார்த்தாள். நேற்று ராத்திரிகூட, மீன் வாங்கி ஒரு துண்டாவது பொரித்தால் என்ன என்று நினைத்தாள். சட்டியைக் கையில் எடுக்கவே முடியவில்லை. டிஜோ கிடக்கிற தண்ணீரிலிருந்து வந்தது என்ற நினைப்பு விடவில்லை. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரி மறைத்திருந்தாலும் இந்த ஒரு தப்பைச் செய்திருக்கமாட்டாள்.

"அந்தக் கெழவி ஏன் மாமி ஒண்ணும் கேக்கல்ல?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"கேட்டா மருமக உடைஞ்சு போவா. அவ சிரிச்சிட்டு வாசிச்சதக் கேட்டுட்டு கெழவி கெடந்தா. அது ஒரு பெலமா இருந்து."

பெபிஷா கட்டில் சட்டத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தனை நாளும் அடக்கி வைத்த அழுகை ஒரு குரலும் இல்லாமல் உடம்பு முழுவதையும் உலுக்கிக்கொண்டு வந்தது. சகாயசெல்வியின் கை அவள் தலையில் வந்து விழுந்தது. கனமில்லாத கை. எனக்க பிள்ள, எனக்க பிள்ள என்று அவளும் முனகினாள். அது மகனையா, தன்னையா என்று பெபிஷா யோசிக்கவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

"சிஜோட்ட சொல்லிராத" என்றாள் சகாயசெல்வி, வெகுநேரம் கழித்து. "அண்ணனத் தேடி அவனால ஒண்ணும் செய்ய முடியல்ல. இத ஒண்ணாவது செய்தோம்னு இருக்கட்டும்."

"சொல்லமாட்டேன் மாமி."

"இனி அந்த விட்ட பக்கத்த வாசி."

"வேண்டாம் மாமி."

"வாசி மக்கா. எனக்கு வேற எங்க போய்ப் பாக்க முடியும் அத?"

பெபிஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தாள். தாள்களைப் பின்னால் புரட்டினாள். காற்று படகைத் தூக்கியதையும், பலகை விட்டதையும், தண்ணீருக்குள் இருட்டு மேலிருந்து கீழாக இறங்கியதையும் ஒரு சொல் விடாமல் வாசித்தாள். சாரதாவோடு வந்தவன் அவளைப் பலகையில் ஏற்றிவிட்டுத் தான் கைவிட்டுப் போகிற இடம் வந்தது. அங்கே நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். சகாயசெல்வி கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஒருமுறை, "தண்ணி குளிருமா இருக்கும்" என்றாள். அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அவ்வளவு நேரமும் தன் தலையிலேயே கிடந்த கை தளர்ந்து மெத்தையில் சரிந்ததைப் பெபிஷா உணர்ந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தியாயம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. அதையும் சத்தமாக வாசித்து முடித்துவிட்டுத்தான் சிஜோவைக் கூப்பிட்டாள்.

மறுநாள் அடக்கத்துக்குக் குரூப்பு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்பின் பார்த்துக்கொள்ளாதவர்கள், குரூப்பில் பேசிப் போட்ட குரலை வைத்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஜெனிலா விக்கி விக்கி அழுதாள். பெபிஷா ஓங்கிக் குரலெடுத்து அழுதபோது, மாமியார் மேல் இத்தனை பாசமா என்று யாரும் கேட்கவில்லை. கல்லறையில் மண் தள்ளும்போது அவளும் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. சிஜோ கல்லறை மணல் ஒட்டிய காலோடு கொல்லைப்பக்கம் வந்து நின்றான். பெபிஷா வாளியில் இருந்த தண்ணீரைக் கோப்பையால் மொண்டு அவன் காலில் ஊற்றினாள்.

"மைனி" என்றான். "கடைசியில அம்மாக்கு ஏதாவது சந்தேகம் வந்துதா?"

"இல்ல."

"அண்ணனக் கேட்டாளா?"

"கேட்டா. போட்டு வர நாளாகும்னு சொன்னேன். செரின்னு கெடந்தா."

சிஜோ கண்ணை மூடிக்கொண்டான். தோள் இறங்கியது. "அறியாமப் போனால்லா. அது போதும். இத ஒண்ணாவது நான் செரியா செய்தேன், இல்லியா மைனி?"

"செரியாத்தான் செய்தே."

அவன் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான். பெபிஷா தண்ணீர் ஊற்றினாள். அவன் முகத்தைக் கழுவினான், மறுபடியும் நீட்டினான், மறுபடியும் கழுவினான். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. போதும் என்று அவன் சொல்லவில்லை. வாளி காலியாகும்வரை அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.