ஆயுத பூஜைக்கு மறுநாள்

செம்மல் பவர் பட்டனை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினான். அப்போதும் இல்லை. அறந்தாங்கியிலேயே பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கல்யாண வீடியோக்காரன் தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனுக்கு, அந்தப் பெரிய கம்ப்யூட்டர் ஒரு சின்ன விளக்கைக்கூட எரித்துக் காட்டவில்லை.

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியகருப்பன் உட்கார்ந்திருந்தார். குவைத்தில் டிரைவர். ஆவணியில் மகள் சத்யபிரியாவுக்குக் கல்யாணம் நடந்தபோது முதலாளி லீவு தரவில்லை. கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூருக்குக் குடிபோன பிறகுதான் கொடுத்தான். வந்தார், பார்த்தார், இன்று சாயங்காலம் திருச்சியில் ஃபிளைட். மதியம் வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கார் இங்கேயே வந்துவிடும். அதற்குள் மகள் கல்யாணத்தை ஒரு தடவை கண்ணாரப் பார்க்க வேண்டும், பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அந்த மனுஷன் கேட்டது அவ்வளவுதான்.

"தம்பி, கரண்டு இருக்குல்ல?"

"இருக்குண்ணே. மெஷின் கொஞ்சம் சூடாகணும்" என்று செம்மல் வாய் கூசாமல் சொன்னான். டீசல் எஞ்சினா அது, சூடாவதற்கு?

"அங்க போயி அனுப்பி விட்டாப் பத்தாதாண்ணே?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தான்.

"எங்க ரூம் நெட்டுல அது இறங்கி முடியிறதுக்குள்ள பேரன் பொறந்து நடந்துருவான் தம்பி" என்றார் பெரியகருப்பன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

நியாயமாக நேற்றே கொடுத்திருக்க வேண்டிய வேலை. நேற்று சரஸ்வதி பூஜை. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கிறவரைக்கும் தொடக்கூடாது என்று செம்மல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மற்ற நாளில் கோயில் வாசலைக்கூட மிதிக்காதவனுக்கு வேலை செய்யாமல் இருக்க ஒரு சாஸ்திரம் கிடைத்தால் பக்தி பொங்கிவிடும். பொரியும் கடலையும் தின்றுவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினான்.

கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று மனைவி அறிவுமதி அப்போதே சொன்னாள். அவன் கேட்கவில்லை. மதர்போர்டு ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு ஒரு பக்கம் என்று உதிரி உதிரியாக வரவழைத்து, பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கேபினட்டுக்குள் அவனே மாட்டினான். உள்ளே கலர் லைட்டு. ஓடும்போது சப்பரம் கிளம்பின மாதிரி இருக்கும். பார்க்க வருகிறவர்களிடம் "நானே மாட்டுனது" என்பான். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்வான்.

நானே மாட்டியதை நானே கழற்றவும் வேண்டும் அல்லவா? ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

முதலில் பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்தான். எரிந்தது. வயரை மாற்றினான். யூ.பி.எஸ்ஸைத் தாண்டி நேராக சுவரில் சொருகினான். "லோ வோல்டேஜா இருக்கும்" என்று மின்வாரியத்தின் மேல் பழியைப் போட்டான். தலைக்கு மேல் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பிறகு ராம் என்கிற மெமரித் தகட்டைக் கழற்றி, ரப்பரால் அதன் தங்க நிறப் பல்லைத் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டினான். ஊரில் பாதி கம்ப்யூட்டர்கள் இதற்கே எழுந்துவிடும். இது எழவில்லை. பொத்தான் பேட்டரியைக் கழற்றிப் போட்டான். பவர் சப்ளையைத் தனியாகப் பிரித்து ஒரு கம்பியால் இணைத்துப் பார்த்தான். அதன் ஃபேன் சமர்த்தாகச் சுற்றியது. அப்படியானால் சப்ளை நல்லாத்தான் இருக்கிறது. மிச்சம் இருப்பது மதர்போர்டு. மதர்போர்டு போய்விட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. கல்யாணம் இருக்கிற டிஸ்க்கோ அந்தப் போர்டின் மேலேயே செருகுகிற புது ரகம். அறிவுமதியின் பழைய லேப்டாப்பில் அதை மாட்ட இடமே இல்லை.

மேஜை முழுக்கப் பாகங்கள் பரந்து கிடந்தன. பெரியகருப்பன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நம்ம வேலை ஆயிருமா தம்பி?"

செம்மலுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. "ஆயிரும்ணே" என்றான்.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, முன்பக்க பட்டனிலிருந்து போர்டுக்கு வருகிற மெல்லிய வயரைப் பிடுங்கினான். அந்த வயர் இருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு தொடு தொட்டான்.

கலர் லைட்டு எரிந்தது. ஃபேன்கள் உறுமின. சப்பரம் கிளம்பிவிட்டது.

ஆக, போர்டில் கோளாறில்லை, சப்ளையில் கோளாறில்லை, மின்வாரியத்திலும் கோளாறில்லை. கோளாறு பட்டனில். செம்மல் குனிந்து பட்டனைப் பார்த்தான். அதன் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனம் பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கெல்லாம் இறங்கி, காய்ந்து, சிமென்டாக இறுகியிருந்தது. பட்டன் உள்ளே போனது போனபடி நேற்றிலிருந்து அமுங்கியே கிடக்கிறது. இவ்வளவு நேரம் அமுக்கினானே, ஒரு தடவையாவது 'டிக்' என்றதா?

"யாருடி இதுல போயி பொட்டு வச்சது?" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

அறிவுமதி எட்டிப் பார்த்தாள். "நான் ஓரமாத்தான் வைக்கப் போனேன். மெஷினுக்கு நெத்தி எதுன்னு ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லி, சந்தன டம்ளரைப் புடுங்கி நீங்கதானே கட்டை விரலால அமுக்கி வச்சீங்க? அதை ஸ்டேட்டஸ் வேற போட்டீங்க."

பெரியகருப்பன் சந்தனத்தையும் பார்த்தார், மேஜையில் கிடந்த ரப்பரையும் பார்த்தார். பெரிய மனுஷன், சிரிக்கவில்லை.

படம் ஓடியது. மண்டபத்துக்கு மேலே டிரோன் பறந்தது. பெண்ணழைப்பில் பூத்தூவல் மெதுவாக இறங்கியது. பெரியகருப்பன் "அட, நம்ம பெரியப்பாரு", "இந்தச் சேலை நான் அனுப்புனது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். செம்மலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெஷினின் அருமையைப் பற்றி ரெண்டு வார்த்தை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தான். கெட்டி மேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலி கட்டினார். சத்யபிரியா தலைகுனிந்திருந்தவள், நிமிர்ந்து எதையோ பார்த்துச் சிரித்தாள்.

"கொஞ்சம் பின்னாடி போங்க தம்பி."

போனான்.

"இன்னொரு வாட்டி."

மறுபடியும் போனான். பெரியகருப்பன் திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"நான் எங்க தம்பி?"

"நீங்கதான் அப்ப குவைத்துல..."

"இல்ல தம்பி. எம் மகன் நிலவழகன் போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னான். வீடியோ கால்ல நான் இருந்தேன். வண்டிய ரோட்டோரமா நிப்பாட்டிட்டு, அச்சதைக்கு எங்க போக, வெறுங்கையவே தூவுனேன். பிள்ளை என்னையப் பாத்துத்தான் சிரிச்சுச்சு."

போன் பிடித்த அந்தக் கையைச் செம்மலுக்கு நன்றாகத் தெரியும். சரியாகத் தாலி ஏறுகிற நேரத்தில் கேமராவுக்குக் குறுக்கே நீண்ட கை. மண்டபத்திலேயே அந்தப் பையனை மனசுக்குள் கண்டபடி திட்டினான். பிறகு இந்த மெஷினில் உட்கார்ந்து, படம் படமாக அந்தக் கையையும் போனையும் அழித்து, அது இருந்த இடத்தில் மாலையையும் பட்டுச் சேலையையும் தடம் தெரியாமல் நிரப்பினான். அவன் தொழிலில் இதுவரை செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். தகப்பன் நின்ற ஒரே இடத்தைப் பார்த்துப் பார்த்துத் துடைத்திருக்கிறான்.

"நான்தாண்ணே எடுத்துட்டேன். குறுக்க மறைக்குதுன்னு" என்றான்.

செம்மல் மவுஸை நகர்த்தி, அசல் படத்தின் மேல் பூசியிருந்த அந்த வேலை முழுவதையும் அழித்தான். எத்தனையோ நாள் பாடுபட்டது, ஒரு க்ளிக்கில் போய்விட்டது. திரையில் நிலவழகனின் கை வந்தது, ஆடிக்கொண்டே. மாலையை மறைத்தது, மாப்பிள்ளையின் பாதி முகத்தையும் மறைத்தது. அந்தக் கையில் போன். போனுக்குள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கட்டை விரல் அளவுக்கு ஒரு முகம். கூடவே ஒரு வெறுங்கை, மேலும் கீழும் தூவிக்கொண்டிருந்தது.

"இந்தா நிக்கிறேன்ல" என்றார் பெரியகருப்பன்.

வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. செம்மல் பென் டிரைவைச் சொருகினான். பெரியகருப்பன் எழுந்திருக்கவில்லை.

"நிக்கட்டும். இன்னொரு வாட்டி போடுங்க."