வாரியல் நுனி

...தரையைத் தூத்துகதுக்கு ஒரு போட்டியாம், போட்டிக்கு ஒரு சட்டையாம், சட்டைக்க முதுகுல இந்தியான்னு எழுத்தாம், தூத்துகவனைப் பெத்த அப்பன் மரியஜானே இதை ஒரு மாசம் நம்பவில்லை, அப்படியிருக்க சாயாக்கடை ஸ்டெனி சிரித்ததில் என்ன குத்தம், இல்லை, குத்தம்தான், அவன் சிரித்திருக்கக் கூடாது, சிரித்த அதே வாயைப் பிளந்துகொண்டு இப்போது போனைப் பார்த்து நிற்கிறான், பன்னு போட்ட கண்ணாடிப் பரணிமேல் சாத்தி வைத்த போன், மரியஜான் மகள் ஜின்சி வேலைக்கு பஸ் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில் படத்தை வரவழைத்து, "தொடாதீங்கப்பா, தொட்டா போயிரும், பொறவு என்னை ஏசப்பிடாது" என்று வைத்துவிட்டுப் போனாள், அதனால் அவர் ரெண்டு கையையும் தொடைக்கடியில் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். கனடாவில் இப்போது ராத்திரியாம், ராத்திரி என்றால் இத்தனை வெளிச்சம் எங்கேயிருந்து, அதையும் கேட்டார், ஜின்சி தலையில் அடித்துக்கொண்டாள். கேட்கத்தான் செய்வார். கேட்காமல் எதையும் எடுத்துக்கொண்ட ஆள் இல்லை மரியஜான். கோட்டாற்றில் சீனி வாங்கினால் அடுத்த கடைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறுவார், ஒரு டாக்டர் பிரஷர் இருக்கு என்றால் இன்னொரு டாக்டரிடம் போய் முதல் டாக்டரைப் பற்றி மூச்சு விடாமல் கையை நீட்டுவார், பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார்கூட... வேண்டாம், அது வேறு.

மவன் டெனிஷ் கனடாவுக்குப் படிக்கப் போனான், படித்து முடித்து ஒரு மீன் கிடங்கில் வேலையாம், கிடங்குக்குப் பக்கத்தில் ஐஸால் தரை போட்ட ஒரு பெரிய கொட்டகையாம், வெள்ளைக்காரக் கிழடுகள் சாயங்காலம் அதில் கல்லுத் தள்ளி விளையாடுமாம், ஒரு நாள் ஆள் குறைந்ததென்று இவனைக் கூப்பிட்டார்களாம், பிறகு இந்திய பாஸ்போர்ட்டு உள்ள பயல்களை அங்கங்கேயிருந்து பொறுக்கி ஒரு டீம் சேர்த்தார்களாம், எல்லாம் ஆம் போட்டுச் சொல்லுகிற சங்கதி, கண்ணால் கண்டது ஒன்றும் இல்லை. "அதுல நீ என்னலே செய்யணும்?" "ஒருத்தன் கல்லத் தள்ளி விடுவான்பா, நான் அதுக்க முன்னால ஐஸத் தூத்திக்கிட்டே ஓடணும், தூத்துனா கல்லு இன்னும் கொஞ்சம் போவும்." "கள்ளம் பறையாதலே. தூத்துவாரி வேலைன்னா அதைச் சொல்லு, அப்பன் ஒண்ணும் செத்துப்போவ மாட்டேன்." அந்தப் பக்கம் சிரித்தான் பாவி. வாரியல், தூத்துகிற துடைப்பம்தான், கல்லில் படக்கூடாதாம், பட்டால் அந்தக் கல் கணக்கில் சேராதாம். பட்டத யாரு பாப்பா, அம்பயரா? "இல்லப்பா, பட்டவனே சொல்லணும்." அந்த இடத்தில்தான் மரியஜானுக்குச் சந்தேகம் தீர்ந்தது, அப்படி ஒரு விளையாட்டு உலகத்திலேயே கிடையாது, பட்டவனே பட்டுதுன்னு சொல்லுவானா, எந்த ஊரில் சொன்னான், பயல் அளந்து விடுகான். சட்டை ஒன்று பார்சலில் வந்தது, அதைக் கோட்டாற்றுக்குக் கொண்டுபோய் விளையாட்டுச் சாமான் கடையில் விரித்துப்போட்டு, இது இங்ஙன விக்கிய சரக்குதானே என்றார், கடைக்காரன் தையலைப் புரட்டிப் பார்த்து, இல்ல பெரியவரே, இது வெளியில தச்சது என்றான், அவனையும் நம்பவில்லை. ஆனால் ஊரில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, நெஞ்சுக்குள் ஒரு கனம், நல்ல கனம், மவன் இந்தியாவுக்கு ஆடுகான், ஹாக்கி மாதிரி ஒண்ணு, கையில கம்பு உண்டு... வாரியலைக் கம்பாக்கி வைத்தார். ஸ்டெனி தன் போனில் தேடிப் பிடித்துக் கடை முழுக்கக் காட்டிவிட்டான். "மாமா, கம்பு இல்ல மாமா, வாரியலு! டெனிஷு வெள்ளைக்காரனுக்க வீட்டு முத்தம் தூத்துகான்!" அன்றைக்குச் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இப்போ சிரிலே, இப்போ சிரி பாப்போம்... கடை நிறைய ஆள், வள்ளம் வரக் காத்திருக்கிற சுமட்டுக்காரர்கள், அவர்களில் ஒருத்தன் டெல்வின், பீடியைக் கையிலேயே அணையவிட்டு நிற்கிறான். ஒருவனுக்கும் ஆட்டம் தெரியாது, மரியஜான்தான் சொல்லிக் கொடுத்தார், அந்தா நடுவுல வட்டம், அதுக்கு எவனுக்க கல்லு பக்கத்துல கெடக்கோ அவனுக்குப் புள்ளி, நம்மாளு நீலம், மத்தவனுவ சிவப்பு, ரெண்டு பேரும் சமம், இனி நம்ம கையில ஒரு கல்லுதான், இது நின்னா ஜெயிச்சாச்சு, அடுத்த வருசம் பெரிய நாட்டுக்காரனுவகூட ஆடப் போவான். சொல்லும்போதே குரல் தடித்தது, ஐஸ் கம்பெனியில் கட்டி இழுத்த காலத்தில்கூட இப்படிச் சத்தமாக அவர் பேசினதில்லை. ஐஸ் என்றால் அவருக்கு விரல் மரத்துப்போவதும், கோணிச்சாக்கும், ஈர சிமெண்டுத் தரையில் கட்டி தானாகவே ஓடிக் காலில் இடிப்பதும்தான், அந்த ஐஸின் மேலே மவன் சப்பாத்து போட்டு நிற்கிறான், வழுக்கவில்லை, முதுகில் எழுத்து, அந்த எழுத்து கோட்டாற்றுச் சரக்கு இல்லை, இல்லவே இல்லை...

விட்டான் ஒருத்தன். கல் வருகிறது, ஒரு அவசரமும் இல்லாமல் வருகிறது, முன்னால் டெனிஷும் இன்னொருத்தனும் குனிந்து, இடுப்பு ஒடிய, தேய் தேயென்று தேய்க்கிறார்கள், அங்கேயிருந்து தலைவன் பயல் தொண்டை கிழியக் கத்துகிறான், எனக்க மவனையாலே ஏசுகா, இல்லை, அது ஏச்சு இல்லை, வள்ளம் தள்ளும்போது போடுகிற சத்தம்தான் அது, தூத்துலே மக்கா, தூத்து, என்று யாரோ கத்துகிறார்கள், ஸ்டெனிதான், வாரியலைச் சொல்லிச் சிரித்த ஸ்டெனி கரண்டியால் அடுப்பில் அடித்துக் கத்துகிறான், தூத்து, தூத்து, கல் வட்டத்துக்குள் ஏறி, சிவப்புக் கல்லை உரசாமல் தாண்டி, நடுவில் போய் அமர்ந்தது. கடை பொங்கிவிட்டது. டெல்வின் அவரைத் தூக்கப் பார்த்தான். மரியஜானுக்குக் கண் மறைத்தது, மறைத்த கண்ணால் பார்க்கும்போது எல்லாரும் குதிக்கிற இடத்தில் ஒருத்தன் மட்டும் குதிக்காமல் நிற்கிறான், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். எதுக்குலே கையைத் தூக்குகா? தாத்துலே. கையக் கீழ தாத்துலே மூதி. சத்தமாகவே சொல்லிவிட்டார் போல, கடை திரும்பிப் பார்த்தது. சிவப்புச் சட்டைத் தலைவன் வந்தான், என்னமோ கேட்டான், டெனிஷ் வாரியல் நுனியைத் தொட்டுக் காட்டினான், அவன் தலையாட்டினான், நடுவில் இருந்த கல்லைக் காலால் ஓரத்துக்கு ஒதுக்கினான். இனி வட்டத்துக்குப் பக்கத்தில் கிடப்பது சிவப்பு. முடிந்தது. பிறகு அந்தத் தலைவன் டெனிஷுக்குக் கை கொடுத்தான், கொடுத்த கையை உடனே விடவில்லை, அதை மரியஜான் பார்த்தார்.

ஸ்டெனி கரண்டியைக் கீழே வைத்தான். கோயில் மணி அடித்தது, பூசை முடிந்து பெஞ்சாதி குளோரி வருவாள், ஜெயிச்சானா என்பாள், என்ன சொல்ல... தோத்தான் என்றா, தோற்கவில்லையே, அது எப்படித் தோற்றதாகும், தோற்றதுதான். பட்டவனே சொல்லணும் என்றானே அன்றைக்கு, அப்படி ஒரு விளையாட்டு நிசமாகவே உண்டு, அதில் கையைத் தூக்கி நிற்கிறவன் எனக்க மவன். போன் அடித்தது, பச்சையைத் தொடத் தெரியும் அவருக்கு. "அப்பா, பாத்தியளா?" "பாத்தேன்." "தோத்துட்டோம்பா." "பட்டத எவனாவது பாத்தானா?" "யாரும் பாக்கல." "கேமராவுல?" "அதுலயும் தெரியாதுன்னுதான் நெனைக்கேன்." "பின்ன?" "பட்டுதுப்பா. நுனிதான். கையில தெரிஞ்சுது." மூச்சு வாங்குகிறது பயலுக்கு, அழுகிறானோ. "கூட உள்ளவனுவ ஏசுனானுவளா?" "ஒருத்தன் பேசல. மத்தவன் தோளுல தட்டுனான்." "செரி. போயி சாப்பிடு மக்கா."

ஸ்டெனி சாயாவைக் கொண்டுவந்து வைத்தான், மெதுவாகத்தான் கேட்டான். "மாமா, தப்பா நெனைக்கப்பிடாது. மத்தவனுவ இவன எதுவும் குடுத்து சரிக்கட்டியிருப்பானுவளோ? இல்லன்னா எவனாவது கையத் தூக்குவானா? பட்டுதுன்னு அவன் சொன்னா நாம எப்படி நம்ப?" நல்ல கேள்வி. மரியஜான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, முப்பது வருசமாக இதே கடையில் இதே பெஞ்சில் அவர் கேட்டு வந்த கேள்விதான், இவனே அவரிடமிருந்துதான் படித்திருப்பான். ஆமாலே, அதானே என்று வாய் திறந்தது, திறந்த வாயில் வந்தது வேறு. "எனக்க மவன் பட்டுதுன்னு சொன்னா பட்டுதுலே." "இல்ல மாமா..." "சாயாவுல சீனி போட்டியா நீ? வாரியலப் பாத்தே சிரிச்சவன்தானே, உனக்கு நுனி என்ன தெரியும், அடிமூடு என்ன தெரியும்?" கடை சிரித்தது, ஸ்டெனியும் சிரித்தான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது, முதுகில் எழுத்து இருப்பதுபோல, எல்லாரும் அதைப் படிப்பதுபோல ஒரு நடை நடந்தார், நடக்கட்டும், ஒரு நாள் நடந்தால் என்ன.

கடற்கரை ரோட்டுத் திருப்பத்தில் ஞானபாய் மீன் வட்டிக்கூடையோடு இருந்தாள், வெளமீன், கண் தெளிந்து கிடந்தது. "இப்பந்தான் கரைக்கு வந்தது, எடும்" என்றாள். குளோரிக்கு வெளமீன் பிடிக்கும், இன்றைக்கு நல்ல கறி வைக்கத்தான் வேண்டும், தோத்ததுக்கா, ஜெயிச்சதுக்கா, எதுக்கோ... குனிந்து ஒன்றை எடுத்தார், கட்டைவிரல் பழக்கத்தில் செவுள் மூடிக்கு அடியில் போய் நின்றது. நுனிதான்ப்பா என்றான், ஒருத்தரும் பார்க்கவில்லை, கேமராவுக்கும் தெரியாது, நானும் பார்க்கவில்லை, பிறகு ஏன் நான் அவனிடம் இன்னொரு தடவை கேட்கவில்லை, ரெண்டாவது தராசு இல்லாமல் எப்படி அதை வாங்கிக்கொண்டேன்... "என்ன வேய், செவுளு பாக்கலியா? தூக்கிப் பாத்துட்டு எடும், இல்லன்னா ஒமக்கு இருப்பு கொள்ளாதே" என்று ஞானபாய் சிரித்தாள். விரல் அங்கேயே இருந்தது. தூக்கினால் சிவப்பாகத்தான் இருக்கும், புது மீன்தான்... தூக்கவா, வேண்டாமா.