சுவேதாவின் ஃபீஸுக்கு என் கையெழுத்து

சுவேதா என்ற பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். எதிர் வீட்டுக்காரி. பன்னிரண்டாம் வகுப்பில் அவளைவிட நான்தான் அதிக மார்க். யூனிவர்சிட்டியில் ஐந்து வருட எம்.எஸ்சி.க்கு இரண்டு பேருக்குமே சீட் கிடைத்தது. அவள் அம்மா மணியம்மாள் பேங்க்கில் கல்விக்கடன் வாங்கிச் சேர்த்துவிட்டாள். என் அப்பா மரியதாஸ், "கடன் வாங்கிப் படிச்சிட்டு, அத்த அடைக்க யாருகிட்ட கடன் வாங்குறது?" என்று ஒரே கேள்வியில் என் படிப்பை முடித்துவைத்தார்.

இப்போது அவள் நாலாம் வருடம். நான் திருவாண்டார்கோயிலில் ஒரு கம்பெனியில் சோப்புக்கு அட்டைப்பெட்டி மடிக்கிறேன். காலையில் குருவிநத்தம் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும்தான் நிற்போம். அவள் கழுத்திலும் டேக், என் கழுத்திலும் டேக். அவளுக்குக் கண்டக்டர், "படிக்கிற புள்ள, எடம் வுடுங்க" என்பான். எனக்குக் கம்பெனி வேன்காரன் ஹாரன் அடிப்பான்.

இந்த வருடம் ஃபீஸை ஏற்றிவிட்டார்கள். சேரும்போது இருந்த ஃபீஸுக்குத்தான் பேங்க் கடன் கொடுத்திருந்தது. மிச்சத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் சுவேதாவுக்குப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் இல்லை. அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு நான் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசி.

மணியம்மாள் எங்கள் மகளிர் குழுவில் கடன் கேட்டாள். என் அம்மா நோயில் படுத்துவிட்டதிலிருந்து அவள் இடத்தில் நான் இருக்கிறேன். குழுவில் ஒருத்தி கடன் வாங்கினால் மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் தவணை தவறினால் நாங்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். ஒருத்தி மாட்டேன் என்றாலும் கடன் கிடையாது.

செவ்வாய்க்கிழமை, தலைவி அம்சவள்ளி அக்கா வீட்டில் கூடினோம். எல்லோரும் போட்டு முடித்துப் பேனா என் கைக்கு வந்தது. சுவேதா அவள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஜோஸ்பின், யோசிக்கிற?" என்றாள் அம்சவள்ளி அக்கா.

"இல்லக்கா, மணியம்மா அத்தையால கட்ட முடியலன்னா நம்ம தலையிலதான வுழும்? அடுத்த வருஷமும் ஃபீஸு ஏத்துனா இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். நியாயத்துக்கும் எனக்கும் அன்றைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் படிப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைத்தேன்.

மணியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அம்சவள்ளி அக்கா அவளைத் தேற்றினாள்.

"வுடு மணியம்மா. மூணு வருஷத்தோட நின்னாலும் பி.எஸ்சி. டிகிரி குடுத்துடுவாங்கல்ல? ஜோஸ்பின் கம்பெனியிலயே சூப்பர்வைசருக்கு ஆள் எடுக்கிறாங்களாம். டிகிரி இருந்தா போதுமாம். திங்கக்கெழமையே போயி சேரட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவேதா சூப்பர்வைசரா? நான் பெட்டி மடிக்க, அவள் பின்னால் நின்று எண்ணுவாளா? பாத்ரூம் போக அவளிடம் பர்மிஷன் கேட்க வேண்டுமா? அதற்கு அவள் யூனிவர்சிட்டியிலேயே கிடக்கட்டும். டாக்டர் பட்டமே வாங்கிக்கொள்ளட்டும்.

"படிக்கிற புள்ளய எதுக்குக்கா கம்பெனிக்கு அனுப்பணும்?" என்று வெடுக்கென்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

"யாருக்குடி வரும் இந்த மனசு!" என்று மணியம்மாள் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். மற்றவர்களும் புகழ்ந்தார்கள். கொஞ்சமும் கூச்சப்படாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது சுவேதா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் சீட்டு கெடச்சி நான் மட்டும் போறது எனக்கு உறுத்திக்கினே இருக்குதுடி. வேல கெடச்சதும் மொதல்ல இந்தக் கடன அடைப்பேன். அப்புறம் உன்ன காலேஜ்ல சேர்த்துவுடுறேன். ஃபீஸு நான் கட்டுறேன். மாட்டேன்னு சொல்லாத."

பேச்சுக்குச் சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நான் கையை உருவிக்கொண்டு நடந்தேன். படிப்பு மட்டும்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நல்ல மனசும் அவளுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதையாவது எனக்கு விட்டுவைத்திருக்கக் கூடாதா, பாவி?