இரண்டு இழுப்பறைகளுக்கு நடுவே ஓர் அட்டை

கிட்டே வா கண்ணு, இன்னும் கொஞ்சம். ஒரு கதை சொல்கிறேன். பழைய ஆங்கில அகராதி ஒன்றில் கிடைத்தது. எல்லாச் சொல்லுக்கும் உதாரண வாக்கியம் இருக்க, இரண்டு சொற்களுக்குக் கீழே மட்டும் வெறும் இடம். அந்த வெள்ளை என் பகல் தூக்கத்தில் வர ஆரம்பித்தது.

1

ஒரு மழைநாளில் அகராதிக்காரர்... (வேண்டாம். மழை வந்தால் அட்டைகள் நனைந்துவிடும்.)

அகராதிக்காரரும் அவருடைய அக்காவும் ஒரே மேசையில் எதிரெதிரே. அவர் சொல்லுக்கு ஓர் அட்டையாகப் பொருளும் உதாரணமும் எழுதுவார். அவள் பிழை திருத்துவாள். உதாரணங்களை அவர் வீட்டிலிருந்தே எடுப்பார்: மனைவியின் குடை, அக்காவின் தும்மல்.

2

மனைவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகக்கூடாது என்றார் இவர். இருவரும் அக்காவிடம் நியாயம் கேட்டார்கள்.

"ரெண்டு பேரையும் கேட்டுட்டேன். தம்பிங்கறதுக்காக உன் பக்கம் பேச மாட்டேன்டா."

"அதானே, உனக்கென்ன போச்சு."

('மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல' என்று அவளைச் சொல்லவைக்கப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஆனால் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.)

மனைவி ரயிலேறினாள். பத்தொன்பது நாளாய் அவர் அக்காவிடம் பேசவில்லை.

3

ஊரே குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள். 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் தனக்கென ஒரு லாபமும் இல்லாமல் நடுவில் நிற்பவர். 'அன்இன்ட்ரஸ்டட்' என்றால் அக்கறையே இல்லாதவர். இரண்டுக்கும் தனித்தனி இழுப்பறை. இரண்டாவதிலிருந்து ஓர் அட்டை அக்காவிடம் வந்தது:

'என் குடும்பம் உடைந்தபோது அக்கா அன்இன்ட்ரஸ்டட்டாக இருந்தாள்.'

சாயங்காலம் எல்லாம் அச்சுக்குப் போகவேண்டும். ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல நீந்தியது. அட்டைகளும் மேசையை விட்டு எழும்பி மிதப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. பென்சிலை எடுத்தாள். வைத்தாள்.

"என்னக்கா, பிழையா?" பத்தொன்பது நாளில் முதல் பேச்சு.

"இருந்தாலும் நான் திருத்தக்கூடாதுடா. இது என் வழக்கு."

4

முடிவு ஒன்று: அவள் அட்டையை முதல் இழுப்பறைக்கு மாற்ற, தம்பி அழுகிறார். (தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு எழுதுகிறவளா அவள்?)

முடிவு இரண்டு: மனைவி திரும்பி வந்து... (அவள் ரயிலை நான் ஏன் திருப்பவேண்டும்? அந்த வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது.)

அதனால் எந்த இழுப்பறைக்கும் போகாமல் அட்டை உன்னிடம் வருகிறது. உனக்கு இதில் காலணா லாபமில்லை. ஆனாலும் எழுந்து போகாமல் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாய். அப்படி இருப்பதற்கு என்ன பெயர் என்று உனக்கே தெரியும். எந்த இழுப்பறை என்று நீ குறி, பென்சில் இதோ. தம்பி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் வீட்டில் இருவர் மோதும் நாளில், எந்தப் பக்கமும் சாயாமல், இருவருக்காகவும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்க ஒருவர் என்றும் இருக்கட்டும், கண்ணு.