கொக்கு மார்க் பேனாவுக்கு ஐந்து நட்சத்திரம்

குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் சின்னவள் ஒரு வங்கி மேலாளராகவும் ஒரு கல்லூரி மாணவியாகவும் இருந்து முடித்துவிட்டாள். அடுப்படி மேடையில் சாய்ந்தபடி போனில் தட்டுவதுதான் அவள் உத்தியோகம். ஆன்லைன் கடைகளில் சாமான்களுக்குக் கீழே "அருமையான தரம், நம்பி வாங்கலாம்" என்று இருக்குமே, அதையெல்லாம் யாராவது உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்? தலையணையோ மிக்சியோ, படம் வரும். இவள் பாராட்டி நாலு வரி எழுதி ஐந்து நட்சத்திரம் போடுவாள். எந்தச் சாமானையும் கையால் தொட்டதில்லை. கூலிக்கு மாரடிக்கிறவள் செத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டா அழுகிறாள்?

"இன்னைக்கு நீ யாரு? டாக்டரா, வக்கீலா?" சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான் அவள் கணவன். லாரி புக்கிங் ஆபீஸில் அவனுக்கு வேலை.

"இப்போதான் பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனேன். அடுத்தது பேனா வாங்கினவ."

"நம்ம வீட்டுல ஒரு பேனாவும் எழுதாது. நீ பேனாவுக்கு சர்டிபிகேட் குடுக்குற" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான்.

அது மை ஊற்றி எழுதுகிற கொக்கு மார்க் பேனா. மூடியில் பறக்கிற கொக்கு ஒன்று தங்க நிறத்தில் பொறித்திருக்கும். பெரிய கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் படுத்திருக்கும் ஜாதி. அதே பேனா ஆன்லைனில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு எப்படி வரும்? போலிதான். சின்னவளுக்கு அது தெரியாமல் இல்லை. வாங்குகிறவர்களுக்கு மட்டும் தெரியாதா என்ன, யாரோ வாங்கப் போகிறார்கள், நமக்கென்ன என்று மனசைத் தட்டிக் கொடுத்துக்கொண்டாள்.

முதலில் எழுதியதை, இவளுக்கு வேலையும் கூலியும் அனுப்புகிற ஏஜெண்ட் திருப்பி அனுப்பிவிட்டான். "விளம்பரம் மாதிரி இருக்கு மேடம். ஒரு வீட்டுல நிஜமா நடந்த மாதிரி எழுதுங்க" என்றான். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவள் யோசித்தாள். உடனே ஞாபகத்துக்கு வந்தது அக்கா வீடு.

அக்காவின் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று வருஷக்கணக்காக ஊருக்கே சொன்ன குரல் அவருடையது. வீட்டிலும் அதே குரலில்தான் கேலி பேசுவார். தொண்டையில் ஆபரேஷன் நடந்தது, குரல் போயிற்று. கழுத்து நரம்பில் கத்தி பட்டதில் வலது கையும் பலம் இழந்தது. போனில் தட்டினால் விரல் நடுங்கி எழுத்து மாறும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி இரண்டு வரி எழுதுவதற்குள் கை சோர்ந்து விழும். சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை அக்கா சொல்லிச் சொல்லி அழுவாள்.

அந்த அழுகையைத்தான் சின்னவள் எடுத்து எழுதினாள். "என் கணவருக்குத் தொண்டை ஆபரேஷனில் பேச்சு போய்விட்டது. கையிலும் பலமில்லை. இந்தப் பேனாவை அழுத்தவே வேண்டாம், காகிதத்தில் பட்டாலே எழுதுகிறது. இத்தனை மாதம் கழித்து எங்கள் வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்கிறது."

"கண்ணுல தண்ணி வந்துருச்சு மேடம்" என்று ஏஜெண்ட் பதில் போட்டான். அந்தக் கடையின் பக்கத்தில் அதையே எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி வைத்தான். சின்னவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கூடப்பிறந்தவளின் கண்ணீரை எடை போட்டு விற்றிருக்கிறோம் என்று தோன்றவே இல்லை, பாவி மகளுக்கு.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு. இவளைப் பார்த்ததும் அவசரமாக எதையோ எழுதி, நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சமையலறையிலிருந்து வரவேண்டிய காபி, வழக்கம்போல் தாமதமாக வந்து சேரும்."

சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அவர் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். மூடியில் தங்கக் கொக்கு.

"எப்படி இருக்கு?" காபியோடு வந்த அக்காவின் முகம் பூரித்துப்போயிருந்தது. "ஸ்டேஷன் ரோட்டுக் கடையில இந்தப் பேனாவைத் தினமும் நின்னு பார்ப்பாராம். ரிட்டயர் ஆனதும் வாங்குவேன்னு சொல்லிட்டே இருந்தாரு. தையல்ல வந்த காசையெல்லாம் சேர்த்து வாங்கிட்டேன்."

"ஆன்லைன்லயா?" பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் சின்னவள். "நம்ப முடியாதேக்கா. திருப்பி அனுப்பிடேன்."

"நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா வாங்கினேன்? ஒரு பொண்ணு எழுதியிருக்கா, பாரு. அவ வீட்டுக்காரருக்கும் இதே ஆபரேஷன், இதே கை. அப்படியே நம்ம கதைடி." அக்கா போனை எடுத்து வரிவரியாக வாசித்தாள். கடைசி வரியில் அவள் குரல் கம்மியது. "எந்த ஊர்க்காரியோ, நல்லா இருக்கணும் அவ."

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், அக்கா நாலு திட்டு திட்டியிருப்பாள், அதோடு போயிருக்கும். ஆனால் அத்தான் அடுத்த அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தார். அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று சின்னவள் காபியைக் குடித்தாள்.

பேனா சேட்டையை ஆரம்பித்தது. சில நேரம் மை வராது, சில நேரம் கொட்டும் என்று அக்கா போனில் சொன்னபோதும் சின்னவள் உண்மையைச் சொல்லவில்லை. "வெந்நீர்ல கழுவிப் பாருக்கா" என்றாள். அக்கா கழுவினாள். இரண்டு நாள் எழுதும், மறுபடி முரண்டு பிடிக்கும்.

பிறகு ஒரு மத்தியானம் அத்தான் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிச் சில நாள் ஆன பிறகு, அக்காவும் சின்னவளும் மட்டும் இருந்தார்கள். அக்கா நோட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள்.

"மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அதுக்குள்ள எழுதணும்னு கையைக் காட்டினாரு. அவருக்குப் பிடிச்ச பேனான்னு இதையே குடுத்தேன். பாரு."

"பயணிகளின் கனிவான கவனத்தி" என்று இருந்தது. அதற்கப்புறம் மை இல்லை. வறண்ட நிப்பு காகிதத்தைக் கிழித்திருந்தது. அதற்கும் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மை கொட்டிக் காய்ந்திருந்தது.

"உதறினாரு. நானும் வாங்கி உதறினேன். மொத்தமா கொட்டிடுச்சு. உள்ளே ஓடிப்போய் பென்சில் தேடி எடுத்துட்டு வரேன், கை சரிஞ்சு கிடக்கு." அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நேத்து அந்த ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்குப் போனேன். ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னு கேட்டேன். கடைக்காரர் திறந்து பார்த்துட்டு, அம்மா, இது எங்க பேனாவே இல்லன்னு சொல்லிட்டாரு. பாவம் அந்த மனுஷன், உட்கார வெச்சுத் தண்ணி குடுத்தாரு."



"எனக்கு ஒரு உதவி பண்ணு" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணு இருக்காளே, அவளுக்கு எழுதணும். அவ வீட்டுக்காரரும் இதே பேனாவைத்தானே வெச்சிருக்காரு? அவங்களுக்கும் இப்படி ஆயிடக் கூடாது. உடனே மாத்தச் சொல்லணும். உனக்குத்தான் நல்லா எழுத வரும். எழுதிக் குடுடி."

சின்னவள் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படி ஒருத்தி இல்லக்கா. நான்தான் எழுதினேன். காசுக்கு. உன் கதையை எடுத்து நான்தான் எழுதினேன்."

அக்கா அடிக்கவில்லை. காலை விடுவித்துக்கொண்டு எழுந்து, அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நோட்டுக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்தாள்.

"மறுபடி பேச்சுச் சத்தம் கேக்குதுன்னு எழுதியிருந்தியே. அதுவும் நீயா எழுதினதா?"

ஆமாம் என்று சின்னவள் தலையை ஆட்டினாள்.

"மனசு சரியில்லேன்னா அதைத்தான் எடுத்துப் படிப்பேன். எங்கேயோ ஒருத்தி நம்மள மாதிரியே தவிச்சுக் கரையேறிட்டான்னு நினைச்சுக்குவேன். பேனா போலின்னு சொன்னப்போகூட, சரி, என் தலையெழுத்துன்னு வந்துட்டேன். இப்போ அவளும் போலின்னு சொல்றியே."

"யாரோ வாங்கப் போறாங்கன்னுதான்க்கா நினைச்சேன்..."

"யாரோன்னு உலகத்துல யாருடி இருக்காங்க? வாங்குற ஒவ்வொருத்தியும் ஒருத்திக்கு அக்கா. போலிச் சாமானை எவனோ செய்றான். ஆனா அதை நம்ப வைக்கிறது உன்னை மாதிரி ஆளோட வார்த்தைதான். கையால தொடாத பொருளை நல்லதுன்னு சொல்லாதே. உன் பேச்சை நம்பி ஒரு வீடே உட்கார்ந்திருக்கும்." போனை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். "எழுது. அந்தப் பொண்ணுக்கு இல்ல, இனிமே வாங்கப் போறவங்களுக்கு. நிஜத்தை எழுது."

சின்னவள் எழுதினாள். மேலே இருக்கிற கதை பொய், எழுதியவள் நான், இந்தப் பேனாவை நான் கண்ணால்கூடப் பார்க்காமல் புகழ்ந்தேன், இதை நம்பி வாங்கிய என் அக்காவின் கணவர் கடைசியாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே போய்விட்டார் என்று எழுதினாள். காசு வாங்கிப் பாராட்டுகிறவர்களை நம்பாதீர்கள், காசுக்காகப் பாராட்டாதீர்கள் என்று முடித்து, அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினாள்.

அக்கா அதைக் கேட்டாளோ இல்லையோ. கிழிந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவரு என்னடி சொல்ல வந்திருப்பாரு?" என்றாள்.

வங்கி மேலாளராகவும் வக்கீலாகவும் இருந்து எழுதித் தள்ளியவளுக்கு, அந்த ஒரு வரியை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. "தெரியலக்கா, தெரியலக்கா" என்று அக்காவின் மடியில் விழுந்து அழுதாள்.