அவள் பக்கத்துத் துளை

அந்தத் தெருவில் நீளமணிக்காரன் என்றால் அவன் ஒருவன்தான். விரல் நீளச் சிவப்புக் கல்லில் நூல் நுழையத் துளை போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரே பக்கமாகத் துளைத்தால் கல் படக்கென்று பிளந்துவிடும். இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கவேண்டும். வலது பாதி அவனுடையது, இடது பாதி அவன் மனைவியுடையது. அவன் சாப்பிட எழுந்தால், துளையூசியைச் சுழற்றும் வில்லை அவள் எடுத்துக்கொள்வாள். தன் பாதிக்கு மேல் ஒரு இம்மிகூட நகரமாட்டாள்; அதில் மகா கறார். மகாராணியின் இடுப்பில் அந்த மணிகள் குலுங்கின. துளைத்தவர்கள் யார் என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை.

அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், அரைகுறையாய்க் கிடந்த கடைசி மணியை மரப்பிடியில் மாட்டினான். வேலை ஓடவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இடது முனையில் புதுக் கல்தூள், ஈரம் காயாமல்.

"நீயா அக்கா துளைச்ச?"

துணைக்கு வந்திருந்த அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வில்ல எப்படிப் பிடிக்கிறதுன்னே எனக்குத் தெரியாதேடா. அந்தக் கல்லக் கொண்டுபோய் ஆத்துல போடு, தம்பி."

"இருக்கட்டும்க்கா. அவளுக்குக் கை சும்மா இருக்காது."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் துளை முடிந்தால் அவள் வருவதும் நின்றுவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. அதனால் தன் பாதியைத் தொடாமலே விட்டான். அரண்மனை ஆள் வந்து கத்திவிட்டுப் போனான்; இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதிலிருந்து ஆறாம் நாள், மெல்லிசாய்ச் சீவிய துடைப்பக் குச்சியை அவள் பக்கத்துத் துளையில் விட்டுப் பார்த்தான். குச்சி பாதியைத் தாண்டி உள்ளே போனது. உயிரோடு இருந்தவரை ஒருநாளும் தாண்டாதவள்.

அன்று அவன் சாப்பிட எழவில்லை. பட்டப்பகல். வில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்குள் மட்டும் அரைக்கும் சத்தம், அவன் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

அக்கா வாசலிலேயே நின்றாள். "எழுந்து வந்துடுடா. அவ உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றா."

"தெரியும்க்கா. நான் பாதி தூரம்கூடப் போகல. முழுசையும் அவளே வர்றா, பாவம்."

வலது முனையில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினான். கல் சுட்டது. சத்தம் விரல்நுனிக்கு வந்துவிட்டது. அவன் விரலை எடுக்கவில்லை.