முப்பத்தெட்டு வீடும் ஐம்பது வருடப் பத்திரமும்

2022 ஜூன் பதினாறாம் தேதி வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குக் கடல் தோமையார்துறைக்குள் ஏறி வந்து, பேபியின் வீட்டை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. அன்றைக்குக் கரையில் அயலை மீன் கூடை இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்குப் போயிற்று; சாளை வரவே இல்லை. தெருவில் இடுப்பளவு வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது பேபியின் முற்றத்தில் கிடந்த ஓலைப்பாய்கூட நனையவில்லை. தண்ணீர் வேலியோரம் வந்து சற்று நின்றது, இரண்டாகப் பிரிந்தது, இரு பக்கமும் வழிந்து வீட்டின் பின்னால் மறுபடி ஒன்றாகித் தென்னந்தோப்புக்குள் போனது. தெருவிலுள்ள முப்பத்தெட்டு வீட்டாரும் இதைக் கண்ணால் கண்டார்கள். கண்டவர்களில் பாதிப்பேர் குருசு வரைந்துகொண்டார்கள், மீதிப்பேருக்குத் தலையில் சாமான் இருந்ததால் கை ஒழியவில்லை.

பேபிக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. கணவன் பெனின் ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாமல் பதினோரு வருடம் ஆகியிருந்தது. குளச்சலுக்கு மேற்கே உள்ள அந்தச் சின்னத் துறையில் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் மீனுக்கு ஏலம் விளிப்பது அவள்தான். ஆண்கள் மட்டும் விளித்துவந்த ஏலத்தை அவள் எப்படிக் கைக்கொண்டாள் என்றால், தொண்டையால்தான். அவள் ஒரு விலை சொன்னால் அது காற்றை எதிர்த்துக் கோயில் கொடிமரம் வரை கேட்கும். விழுந்த விலையை மாற்ற எந்த மொத்த வியாபாரியாலும் முடிந்ததில்லை. மகள் ஷெர்லி நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வருவாள்.

அந்த ஊர் பத்தொன்பது வருடமாக ஒரே மனுவை எழுதிக்கொண்டிருந்தது. கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைவாக நீட்டுகிற தூண்டில் வளைவு ஒன்று வேண்டும், இல்லையென்றால் ஊர் இருக்காது என்பது மனு. நிதி இல்லை என்பது பதில். முன்வரிசையில் இருந்த இரண்டு தெருக்கள் அந்தப் பதில்களுக்கு இடையிலேயே கடலுக்குள் போய்விட்டன. இப்படியிருக்க, 2022 மார்ச்சில் ஒரு நாள் பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு வந்த ஷெர்லி, செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னாள்: "அம்மா, அரசாங்கம் எல்லா புதன்கிழமையும் ஏலம் போட்டுக் கடன் வாங்குது. நம்மள மாதிரி ஆளுவளும் போன்லயே குடுக்கலாமாம்."

ஏலம் என்ற சொல்லைக் கேட்டதும் பேபி மீன் அறுப்பதை நிறுத்தினாள். "அப்போ அதுக்குத்தான் நிதி இல்ல, நிதி இல்லன்னு எழுதி விடுதானுவளா? பைசா இல்லாதவனுக்கு மனு குடுத்து என்ன செய்ய மக்கா? பைசால்லா குடுக்கணும்." ஷெர்லி பொறுமையாக விளக்கினாள். தொண்ணூற்றொரு நாள் டிரெஷரி பில் என்று ஒன்று உண்டு, இன்றைக்குப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தால் தொண்ணூற்றொன்றாம் நாள் முழுப் பத்தாயிரமாகத் திரும்பி வரும், ஆனால் அந்தப் பணம் ரோட்டுக்கும் போகும், ரயிலுக்கும் போகும், நம்முடைய கடலுக்கென்று எழுதிவைக்க முடியாது என்றாள். "எழுதாண்டாம்" என்றாள் பேபி. "கடன் வாங்கினவன், குடுத்தவளுக்க வீட்ட முங்க விடுவானா?"

இந்தத் தவற்றைத் தோமையார்துறைக்காரர்களால்தான் செய்ய முடியும். வலைக்கோ எஞ்சினுக்கோ ஒருவரிடம் பணம் வாங்கியவன், கொடுத்தவரின் வீட்டுக்குக் கடல் ஏறுகிற நாளில் முதல் ஆளாக மணல்மூட்டையோடு போய் நிற்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அரசாங்கத்துக்கு அந்த வழக்கம் தெரியாது. கடலுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரமே பேபி பத்தாயிரத்துக்கு ஒரு பில் கேட்டாள். இருபத்தேழு வருடம் ஏலம் விளித்தவளுக்கு இதில் ஒன்றுதான் பிடிக்கவில்லை. பெரிய வங்கிகள் விலை சொல்லிக் கேட்கும், தனி ஆட்கள் விலை சொல்லக் கூடாது, வங்கிகள் கேட்ட விலைகளின் சராசரிக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். விலை சொல்லாமல் என்ன ஏலம் என்று இரண்டு நாள் குமைந்தாள். பிறகு, கரையில் விதவைகளுக்கும் நோயாளி இருக்கிற வீட்டுக்கும் ஏலம் கேட்காமலே அன்றைய நடுவிலைக்கு மீன் கொடுப்பதைத் தானே நடத்திவருவது அவளுக்கு நினைவு வந்தது. இந்த ஏலத்தை நடத்துகிற ரிசர்வ் வங்கியும் ஒரு கரைதான் என்று அவள் மனம் சமாதானமாயிற்று.

மார்ச் இருபத்துநான்கு வியாழக்கிழமை பில் அவள் பெயருக்கு வந்தது. ஜூன் பதினாறில் கடல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. ஜூன் இருபத்துமூன்று வியாழக்கிழமை பில் முதிர்ந்தது. பத்தாயிரம் வரவு என்று போனில் செய்தி வந்த அதே நிமிடம், கடல் வாசல்படி ஏறி அடுக்களைக்குள் புகுந்து, அரிசிப்பானையையும் ஒரு ஜோடிச் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனது. அதில் முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை, தவணை முடிந்த வீட்டுக்குள் வருகிற முறைப்படி வந்தது. பேபி முட்டளவு தண்ணீரில் நின்றபடி மகளுக்குப் போன் போட்டு, "ஏட்டி, அடுத்த புதன்கிழமைக்கு எழுதிப் போடு" என்றாள். ஜூன் முப்பதில் பணம் போய்ச் சேர்ந்தது, அன்று மத்தியானமே கடல் வேலிக்கு வெளியே நின்றுகொண்டது.

இதில் பேபி பெருமைப்பட்டது மூன்று வாரம்தான். ஜூலையில் கடல் மறுபடி ஏறியபோது, அவள் வீட்டில் நுழையாத தண்ணீரெல்லாம் சேர்ந்து பக்கத்து வீட்டு மரியானின் தெற்குச் சுவரைத் தள்ளிவிட்டது. மரியான் வள்ளக்காரன், பெனினுக்குச் சித்தப்பா மகன். அவன் சண்டைக்கு வரவில்லை. விழுந்த சுவரின் மேல் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துவிட்டு, "மைனி, உனக்க வீட்டுக்கு வரவேண்டிய வெள்ளமும் சேத்துத்தான் எனக்கு வந்தது, கேட்டியா?" என்று மட்டும் சொன்னான். பேபிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊரை விட்டுத் தான் மட்டும் தப்பித்தவள் என்ற பேர் அவளுக்குச் சாவைவிட மோசம். மறுநாள் கரையில் மீன் எல்லாம் விற்று முடிந்ததும் அவள் கலையவிடாமல் எல்லாரையும் நிறுத்தி, அந்தக் கொடிமரம் வரை கேட்கிற குரலில், முப்பத்தெட்டு வீடும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்றாள்.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். மாதம் இரண்டு வட்டி தருகிறேன் என்று ஒரு ஃபைனான்ஸ்காரர் காரில் வந்து கலர் நோட்டீஸ் கொடுத்தார். "உமக்குக் கடன் குடுத்தா கடல் நிக்குமா?" என்று பெண்கள் கேட்டதும் அவர் மீதி நோட்டீசைச் சுருட்டிக்கொண்டு காரில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷெர்லி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்குத் திறந்தாள். பான் கார்டு இல்லாதவர்களுக்குப் பான் கார்டு எடுத்தாள், பாஸ்புக்கில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயருமாக இருந்தவர்களைத் தக்கலைக்கும் குளச்சலுக்கும் அலைய வைத்தாள். ஒரு வருடத்தில் முப்பத்தெட்டு வீடும் ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்து முடித்தன. கடல் தெருவுக்கு முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகப் பழகிக்கொண்டது. தோமையார்துறைக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவந்த குடும்பங்கள் கல்யாணப் பேச்சோடு பஸ் ஏறின.

ஆனால் தொண்ணூற்றொரு நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். 2024 ஏப்ரலில் மரியானின் வள்ளத்து எஞ்சின் படுத்துவிட்டது. முதிர்ந்து வந்த பத்தாயிரத்தை அவன் எஞ்சினில் போட்டான், மறுபடி பில் கேட்கவில்லை, வெட்கத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த வாரம் காற்றோ மழையோ இல்லாத வெயிலில், மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்லும் அந்தக் கடல் ஏறிற்று. முப்பத்தேழு வீட்டை விட்டுவிட்டு மரியானின் வீட்டு வழியாக உள்ளே போய், பின்தெருவில் பரவி, எல்லார் வீட்டுக்கும் புறவாசல் வழியாக வந்தது. ஒரு வீடு விட்டால் எல்லா வீடும் விட்ட மாதிரிதான் என்று ஊருக்கு அன்று தெரிந்தது.

அதனால் அரசாங்கத்தின் ஐம்பது வருடக் கடன்பத்திரம் வாங்குவது என்று முடிவாயிற்று. 2073 நவம்பரில்தான் முதிரும், அதுவரை வருடத்துக்கு இரண்டு தடவை வட்டி வரும். அதற்கு ஏலம் வெள்ளிக்கிழமை, வியாழன் சாயங்காலத்துக்குள் எழுதிப் போட வேண்டும், திங்கட்கிழமை பேருக்கு வரும். எல்லாருடைய பில்லும் ஒரே வியாழக்கிழமை முதிரும்படி ஷெர்லி மூன்று மாதமாகத் திட்டமிட்டிருந்தாள். அந்த வியாழக்கிழமை விடிந்தபோது முப்பத்தேழு வீட்டில் பணம் இருந்தது, மரியானிடம் இல்லை. முந்தின நாளே பேபி தன் ஆறு பவுன் சங்கிலியைக் கழற்றி அவன் முன்னால் வைத்திருந்தாள். "உனக்க சங்கிலியில எனக்க வீடு நிக்கண்டாம் மைனி" என்று அவன் அதை அவள் கையிலேயே திருப்பி வைத்துவிட்டான். தவணைகள் முடிந்த சேதி கடலுக்கு எட்டிவிட்டது. காலை ஏழு மணிக்கே அது முதல் படியில் நின்றது.

எட்டு மணிக்கு மரியானின் வள்ளம் கரைக்கு வந்தது. பழுதுபார்த்த எஞ்சின் பாதி வழியில் நின்று, வலையில் கிடைத்தது முக்கால் கிலோவில் ஒரே ஒரு விளமீன். பேபி அதை மணலில் போட்டு ஏலம் விளித்தாள். இருநூற்று எண்பது ரூபாய்க்கு ஜெஸ்பின் என்பவள் எடுத்தாள், பணத்தை மரியானின் கையில் கொடுத்தாள், மீனைத் தொடாமல், "திரும்ப விளி" என்றாள். கோயில் திருநாளில் நேர்ச்சைச் சேவலை ஏலம் எடுத்தவர் மறுபடி ஏலத்துக்கே விட்டுக்கொடுப்பது அந்தக் கடற்கரை முழுக்க உண்டு. மணலில், மீனுக்கு, யாரும் அதுவரை செய்ததில்லை. பேபி திரும்ப விளித்தாள். அடுத்த வீடு எடுத்தது, அடுத்த வீடு திரும்ப விட்டது. "ஏலே, இது என்ன கூத்து, நிறுத்துங்கலே!" என்று மரியான் கத்தினான். "கரையில விழுந்த வெலைய வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இல்ல, மரியான். மீன் உனக்க மீன். பைசாவ வாங்கு" என்றாள் பேபி. அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினான். முப்பத்தாறு வீடு முடிந்து கடைசியாக ஷெர்லி கேட்டு எடுத்தபோது பணம் பத்திரத்துக்கு வேண்டிய அளவைத் தொட்டிருந்தது. அதுவரைக்கும் மீன் உயிரோடு வாலை அடித்துக்கொண்டிருந்தது. அதை அன்று குழம்பு வைத்ததில் முப்பத்தெட்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு துண்டு வந்தது, தலை மரியானுக்கு.

வெள்ளியும் சனியும் ஞாயிறும் கடல் ஊருக்குள் கணுக்காலளவு நின்றது. ஜனங்கள் அதற்குள் நடந்தே பூசைக்குப் போனார்கள். திங்கட்கிழமை பத்திரம் முப்பத்தெட்டுப் பேருக்கும் வந்து சேர்ந்ததும் கடல் எழுந்து வெளியே போனது. நவம்பரில் முதல் வட்டி வந்தது, ஆளுக்கு முந்நூற்று எழுபத்துமூன்று ரூபாய். அன்றைக்குக் கடலும் தன் பங்குக்கு ஒரு அடி பின்வாங்கி, மணலைக் கொடுத்தது. அடுத்த மே மாதம் இன்னொரு அடி, நவம்பரில் இன்னொரு அடி.

மண் கூடியிருக்கிறது என்ற சேதி கேட்டு 2026 பிப்ரவரியில் ஒரு ஆபீசர் நாடாவோடும் படிவத்தோடும் வந்தார். மூன்று முறை அளந்தார், மூன்று முறையும் மூன்று அடி. எந்தத் திட்டத்தில் வேலை நடந்தது என்று கேட்டார், ஜனங்கள் கடலைக் காட்டினார்கள். படிவத்தில் அடுத்த கட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் பேபியிடம், "நீங்க பயனாளியாம்மா?" என்றார். இருபத்துமூன்று வருடமாக அந்த ஊர் எல்லாப் படிவத்திலும் அந்த ஒரே பெயரில்தான் இருந்துவந்தது, பயனாளி. பேபி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பயனாளி இல்ல சாரே. நாங்க அரசாங்கத்துக்குக் கடன் குடுத்தவங்க. முப்பத்தெட்டு வீடும். ரெண்டாயிரத்து எழுபத்துமூணு வரைக்கும்."

ஷெர்லி போனை நீட்டினாள். ஆபீசர் அதைப் படித்தார். கால்மாட்டில் ஒரு பெரிய அலை ஏறி வந்து, தெருவுக்கு முன்னால் நின்று, திரும்பிப் போனதையும் பார்த்தார். பயனாளிகள் என்று அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்து, மேலே கடன் கொடுத்தவர்கள் என்று எழுதி, பெயர்களைச் சொல்லச் சொன்னார். பேபி ஏலம் விளிக்கிற குரலில் ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். மரியானின் பெயரை முதலில் சொன்னாள், தன் பெயரைக் கடைசியில் சொன்னாள்.